'அப்புறம்' போய் 'ஆனால்', 'அதனால்' வர: வகுப்பறையில் கதை வரைபடம்

நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் நேற்றுக் கேட்ட கதையைச் சொல்லச் சொன்னால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "ஒரு காட்டுல ஒரு சிங்கம் இருந்துச்சாம். அப்புறம் ஒரு முயல் வந்துச்சாம். அப்புறம் அது லேட்டா போச்சாம். அப்புறம் சிங்கம் கிணத்துல எட்டிப் பாத்துச்சாம். அப்புறம் செத்துப்போச்சாம்." நிகழ்ச்சி எதுவும் விடுபடவில்லை. வரிசையும் சரிதான். ஆனாலும் கதை வரவில்லை. முயல் ஏன் தாமதமாகப் போனது, சிங்கம் ஏன் கிணற்றை எட்டிப் பார்த்தது என்பதெல்லாம் அந்த 'அப்புறம்'களுக்கு அடியில் போய்விட்டன.

கதைக்கட்டமைப்பு என்று நாம் கற்பிக்க வேண்டியது அந்த அடியில் போன பகுதியைத்தான். ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்த நிகழ்ச்சிக்கும் நடுவில் 'ஆனால்' இருக்கும், இல்லாவிட்டால் 'அதனால்' இருக்கும். அதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கும்படி கட்டமும் அம்புமாகத் தாளில் கொண்டுவருவது கதை வரைபடம். இந்த இரண்டு சொற்களை வெளியே கொண்டுவராத வரைபடம் எத்தனை வண்ணத்தில் சார்ட்டில் தொங்கினாலும் அதனால் வகுப்புக்குப் பயன் குறைவு.

கீழே மூன்று வரைபடங்கள் இருக்கின்றன. முதலாவது 3 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு. இரண்டாவது 5 முதல் 7 வரை. மூன்றாவது 8-ஆம் வகுப்புக்கு மேல். ஆனால் எந்த வகுப்பானாலும் முதல் வரைபடத்தைச் செய்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது இரண்டு நாள் வேலை, மூன்றாம் வகுப்புக்கு இரண்டு மாத வேலை, அவ்வளவுதான் வேறுபாடு.

மனவரைபடம் ஏன் போதாது

படைப்பாற்றல் கல்வி முறை வந்ததிலிருந்தே நம் பள்ளிகளில் மனவரைபடம் பழகிப்போன ஒன்று. நடுவில் ஒரு வட்டம், அதில் பாடத்தின் பெயர், சுற்றிலும் சிலந்திக்கால் போலக் கோடுகள். தாவரத்தின் பாகங்கள், நீரின் பயன்கள் போன்ற பாடங்களுக்கு அது நன்றாகவே பொருந்தும். அங்கே எந்தக் காலை முதலில் படித்தாலும் பொருள் மாறாது. கதையில் மாறும். நடு வட்டத்தில் 'சிங்கமும் முயலும்' என்று எழுதி, சுற்றிலும் காடு, கிணறு, முயல், நிழல், தந்திரம் என்று எழுதினால் அது கதையிலுள்ள சொற்களின் பட்டியல். கிணறு முன்னே வந்ததா, தந்திரம் முன்னே வந்ததா, எது எதனால் வந்தது என்று அந்தப் படம் ஒன்றும் சொல்லாது. ஆகவே கதைப் பாடத்துக்கு மனவரைபடத்தை ஒதுக்கிவிடுங்கள். கதை மாந்தரின் குணங்களைத் தொகுக்க மட்டும் பிறகு அதை எடுத்துக்கொள்ளலாம்.

எந்தக் கதையில் தொடங்குவது

முதல் கதை பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கட்டும். புதுக் கதை, புது வரைபடம் இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தால் பிள்ளை எதில் தடுமாறுகிறது என்று நமக்கே தெரியாமல் போகும். எழுதினால் 150 முதல் 250 சொற்களுக்குள் அடங்க வேண்டும். ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்க வேண்டும், அதற்கு ஒரு தடை இருக்க வேண்டும், அது தீர வேண்டும். சிங்கமும் முயலும், தாகமுள்ள காகம், குரங்கும் முதலையும் ஆகிய கதைகளில் இந்த எலும்பு தெளிவாகத் தெரியும்.

தொடக்கத்தில் தவிர்க்க வேண்டியவை வழக்குத் தீர்ப்புக் கதைகள். மரியாதைராமன் கதைகளில் முதல் பாதி ஒருவருடைய கதை. தீர்க்க வருபவர் பாதிக்கு மேல்தான் வருகிறார். 'இது யாருடைய கதை?' என்ற முதல் கேள்வியிலேயே வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். அந்தப் பிரிவு நல்ல விவாதம்தான், ஆனால் அது ஆறாம் வாரத்துக்கு உரியது.

முதல் வரைபடம்: ஐந்து வரிக் கட்டம்

யார்? என்ன வேண்டும்? ஆனால்? அதனால்? கடைசியில்? இந்த ஐந்தும்தான் கட்டங்கள். ஏ4 தாளை நிறுத்து வாக்கில் வைத்துக் குறுக்கே கோடு போடுங்கள். 'யார்' 3 செ.மீ., 'என்ன வேண்டும்' 4 செ.மீ., 'ஆனால்' 7 செ.மீ., 'அதனால்' 7 செ.மீ., 'கடைசியில்' 5 செ.மீ. மேலே பெயரும் கதைத் தலைப்பும் எழுத இடம் மிஞ்சும். ஐந்தையும் சம அளவில் போடாதீர்கள். கட்டத்தின் அளவைப் பார்த்துத்தான் பிள்ளைகள் எவ்வளவு எழுதுவது என்று முடிவு செய்கிறார்கள். சம அளவில் இருந்தால் 'யார்' கட்டத்தில் காட்டிலுள்ள எல்லா விலங்குகளும் குடியேறும், 'ஆனால்' கட்டத்தில் ஒரு சொல் மட்டும் நிற்கும்.

ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று கொண்டால், கதை சொல்ல 7 நிமிடம், கரும்பலகையில் எல்லோரும் சேர்ந்து நிரப்ப 12, இருவர் இருவராக வேறொரு கதையை நிரப்ப 12, நிரப்பியதை வைத்து வாயால் சொல்ல 9. கடைசி 9 நிமிடத்தைத்தான் பெரும்பாலும் மணி அடித்து விழுங்கிவிடுகிறது. நேரம் பற்றாவிட்டால் பலகை வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள், வாயால் சொல்வதைக் குறைக்காதீர்கள். கட்டத்தை நிரப்புவது கதை சொல்வதற்கான தயாரிப்பு மட்டும்தான்.

பலகையில் சிங்கமும் முயலும் கதை இப்படி நிரம்பும்:

யார்? முயல்.
என்ன வேண்டும்? உயிரோடு இருக்க வேண்டும்.
ஆனால்? நாளுக்கு ஒரு விலங்கு என்ற ஏற்பாட்டின்படி அன்றைக்குச் சிங்கத்துக்கு இரையாக வேண்டிய முறை அதனுடையது.
அதனால்? வேண்டுமென்றே தாமதமாகப் போய், வழியில் இன்னொரு சிங்கம் மறித்தது என்று சொல்லி, கிணற்றடிக்கு அழைத்துப் போகிறது.
கடைசியில்? சிங்கம் தன் நிழலை எதிரி என்று நினைத்துக் கிணற்றில் பாய்ந்து சாகிறது. முயல் பிழைக்கிறது.

எழுதி முடித்ததும் ஐந்து பதில்களையும் கேள்விச் சொற்களோடு சேர்த்து ஒரே மூச்சில் படிக்கச் சொல்லுங்கள். முயலுக்கு உயிரோடு இருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அதன் முறை. அதனால் தாமதமாகப் போய்ப் பொய் சொன்னது. கடைசியில் சிங்கம் செத்தது. அந்த ஒரு மூச்சு வாக்கியம் தடுக்காமல் ஓடினால் வரைபடம் சரி. எங்காவது இடறினால் பிழை அந்தக் கட்டத்தில் இருக்கிறது.

இருவர் வேலைக்குத் தாகமுள்ள காகத்தைக் கொடுங்கள். கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் பிள்ளைகளின் கவனம் முழுவதும் கட்டத்தின் மேல் இருக்கும். வகுப்பில் பாதிப் பேராவது 'ஆனால்' கட்டத்தில் 'காகத்துக்குத் தாகம்' என்று எழுதுவதைப் பார்ப்பீர்கள். எழுதட்டும். தாகம் 'என்ன வேண்டும்' என்பதற்குரிய பதில். தண்ணீர் பானையின் அடியில் கிடந்தது, அலகு எட்டவில்லை என்பதுதான் 'ஆனால்'. இதைத் திருத்த ஒரே ஒரு கேள்வி போதும்: "நீ எழுதினது இல்லாம இருந்திருந்தா, காகத்துக்கு வேண்டியது உடனே கிடைச்சிருக்குமா?" தாகம் இல்லாவிட்டால் காகம் பானையைத் தேடியே வந்திருக்காது. தண்ணீர் மேலே இருந்திருந்தால் குடித்துவிட்டுப் பறந்திருக்கும், கதையே இல்லை. தடையைக் கண்டுபிடிக்கும் உரைகல் இது. பிள்ளைகளே ஒருவரையொருவர் கேட்கும் அளவுக்கு இதைப் பழக்கிவிட்டால் உங்கள் வேலை பாதியாகக் குறையும்.

அடிக்கடி வரும் பிழைகள்

'யார்' கட்டத்தில் எல்லாரையும் எழுதுவது முதல் பிழை. சிங்கம், முயல், மான், நரி என்று எழுதிவிட்டால் அடுத்த கட்டத்தில் யாருக்கு என்ன வேண்டும் என்று குழம்பும். 'ஒரே ஒருவர்' என்று விதி போடுங்கள். மற்றவர்கள் தாமாகவே 'ஆனால்', 'அதனால்' கட்டங்களுக்குள் வந்து சேர்வார்கள்.

'ஆனால்' கட்டத்தில் குணத்தை எழுதுவது இரண்டாவது. 'ஆனால் சிங்கம் கெட்டது' என்பது தடை ஆகாது. கெட்ட சிங்கம் என்ன செய்தது என்று கேளுங்கள். குணம் செயலாக இறங்கும்போதுதான் ஒருவரை மறிக்கும்.

மூன்றாவது பிழை நம்மிடமிருந்து போவது. 'கடைசியில்' கட்டத்தில் 'புத்திமான் பலவான்' என்று எழுதிவிடுவார்கள். எந்தக் கதையைச் சொன்னாலும் முடிவில் நீதி ஒன்றைச் சொல்லி நிறுத்தும் பழக்கம் நமக்கு உண்டு. அதனால் நீதிதான் முடிவு என்று பிள்ளை நம்பிவிடுகிறது. முடிவு என்பது நடந்தது, நீதி என்பது நாம் நினைப்பது. தாளின் பின்புறத்தில் நீதிக்குத் தனியாக இடம் கொடுங்கள். அப்போதுதான் ஒரே கதைக்கு இரண்டு பேர் இரண்டு நீதி எழுதுவதையும் பார்க்க முடியும்.

நான்காவது, புத்தகத்தைப் பார்த்து வாக்கியத்தை அப்படியே இறக்குவது. பார்வைக்கு அழகான, நிறைந்த தாள் கிடைக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான் பென்சிலை எடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் கையில் இருக்கக் கூடாது. கூடவே, ஒரு கட்டத்துக்கு அதிகபட்சம் 12 சொற்கள் என்று எல்லை வையுங்கள்.

எழுதத் தடுமாறும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். கதையின் அமைப்பு புரியவில்லை என்று அவர்களை எண்ணிவிடக் கூடாது. எழுத்துத்தான் அங்கே தடை. அவர்களுக்குத் தாளே வேண்டாம். பாண்டி ஆட்டத்துக்குப் போடுவது போலத் தரையில் சாக்பீஸால் ஐந்து கட்டம், ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை அடி, நேர் வரிசையில் போடுங்கள். கட்டத்துக்குள் கேள்விச் சொல்லை எழுதுங்கள். பிள்ளை முதல் கட்டத்தில் நின்று 'யார்' என்பதைச் சொல்லும். சொன்ன பிறகுதான் அடுத்த கட்டத்துக்குத் தாவலாம். சொல்ல முடியாவிட்டால் ஒரு கட்டம் பின்னால் போய் அங்கிருந்து மறுபடி சொல்லிக்கொண்டு வர வேண்டும். பின்னால் போவது தண்டனை அல்ல, முந்தின கட்டத்திலிருந்து சொல்லிப் பார்த்தால் அடுத்தது நினைவுக்கு வரும் என்பதற்காக. நான்காம், ஐந்தாம் வகுப்புகள் ஒரே அறையில் உட்காரும் பள்ளிகளில் பெரியவர்கள் தாளில் எழுதும் நேரத்தில் சிறியவர்களுக்கு இதை வைத்துக்கொள்ளலாம்.

ஐந்து வரி பழகியதும் பாட்டி வடை சுட்ட கதையை எடுத்து, ஒரே கதைக்கு இரண்டு தாள் நிரப்பச் சொல்லுங்கள். ஒன்றில் 'யார்' காகம், மற்றதில் நரி. நரிக்கு வடை வேண்டும், ஆனால் அது மரத்தின் மேல் காகத்தின் வாயில் இருக்கிறது, அதனால் குரலைப் புகழ்கிறது. காகத்துக்கு வடையை நிம்மதியாகத் தின்ன வேண்டும், ஆனால் பாடச் சொல்லி நரி கேட்கிறது. நடந்தது ஒன்றுதான், தடை மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பார்வைக்கோணம் என்ற சொல்லைச் சொல்லாமலேயே பிள்ளைகளுக்கு அது பிடிபடும் இடம் இது. பாட்டியை 'யார்' ஆக்கி மூன்றாவது தாள் எழுதும் பிள்ளை கட்டாயம் ஒன்று வரும். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டுங்கள்.

இரண்டாவது வரைபடம்: அம்புச் சீட்டுகள்

ஐந்து வரியில் ஒரே ஒரு 'ஆனால்'தான் இருக்கிறது. பாடப்புத்தகத்தின் விரிவானக் கதைகளில் பல இருக்கும். அதற்கு நகர்த்தக்கூடிய சீட்டுகள் வேண்டும். நோட்டில் வரைந்துவிட்டால் பிள்ளைகள் மாற்றத் தயங்குவார்கள். அழித்து எழுதினால் தாள் கிழியும். சீட்டை நகர்த்துவதில் அந்தப் பயம் இல்லை.

ஒரு ஏ4 தாளை மூன்று முறை பாதியாக மடித்தால் எட்டுச் சீட்டு கிடைக்கும், ஒவ்வொன்றும் சுமார் 7.4 × 10.5 செ.மீ. ஒரு குழுவுக்கு இப்படி இரண்டு தாள் வேண்டும். முதல் தாளின் எட்டுச் சீட்டிலும் நிகழ்ச்சிகள். இரண்டாவது தாளில் ஏழு சீட்டில் அம்புக்குறி, எட்டாவது வெற்றுச் சீட்டு. குழுவுக்கு நான்கு பேர் என்றால் 40 பேர் வகுப்புக்கு 20 தாள்கள் போதும். ஒரு பக்கம் அச்சான பழைய தாள்கள், கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் ஆகியவை தாராளமாக உதவும். குழுவில் ஐந்தாவது ஆளைச் சேர்க்காதீர்கள். மேசைக்கு நான்கு பக்கம்தான், ஐந்தாவது பிள்ளைக்குச் சீட்டு கைக்கு எட்டாது.

குரங்கும் முதலையும் கதைக்கு எட்டுச் சீட்டுகள்:

1. ஆற்றங்கரை நாவல் மரத்துக் குரங்கு முதலைக்குத் தினமும் பழம் போடுகிறது.
2. முதலை பழத்தை மனைவிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது.
3. இந்தப் பழத்தையே தின்று வளர்ந்த குரங்கின் இதயம் வேண்டும் என்று மனைவி கேட்கிறது.
4. முதலை குரங்கை விருந்துக்கு அழைத்து முதுகில் ஏற்றிக்கொள்கிறது.
5. நடு ஆற்றில் முதலை உண்மையைச் சொல்லிவிடுகிறது.
6. இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேன் என்கிறது குரங்கு.
7. முதலை கரைக்குத் திரும்புகிறது.
8. குரங்கு மரத்தில் தாவி ஏறித் தப்பிக்கிறது.

எண்ணைச் சீட்டில் எழுதாதீர்கள். கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். வரிசை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வேலை அதற்குப் பிறகுதான். ஒவ்வோர் அம்புச் சீட்டிலும் 'ஆனால்' அல்லது 'அதனால்' எழுதி இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவில் வைக்க வேண்டும். 'அப்புறம்' எழுதக் கூடாது. எந்த இடத்தில் 'அப்புறம்' தவிர வேறு எதுவும் பொருந்தவில்லையோ அந்த இடத்தில் ஒரு நிகழ்ச்சி விடுபட்டிருக்கிறது, அல்லது தேவையில்லாத ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதையில் 4-க்கும் 5-க்கும் நடுவில் எல்லாக் குழுவும் மாட்டிக்கொள்ளும். முதுகில் ஏற்றியது, 'அப்புறம்' உண்மையைச் சொன்னது. ஏன் சொன்னது? அங்கேதான் வெற்றுச் சீட்டுக்கு வேலை. ஒரு குழு 'நடு ஆற்றில் குரங்கால் தப்ப முடியாது என்று முதலை நினைத்தது' என்று எழுதும். இன்னொரு குழு 'நண்பனை ஏமாற்றியது முதலையின் மனத்தை உறுத்தியது' என்று எழுதும். இரண்டும் சரி. ஆனால் இரண்டும் இரண்டு வேறு முதலைகள். முதல் சீட்டை வைத்தால் அம்பில் 'அதனால்' வரும், முதலை திமிர் பிடித்தது. இரண்டாவதை வைத்தாலும் 'அதனால்'தான், ஆனால் முதலை இரங்கத்தக்கது. ஒரு சீட்டு கதை மாந்தரையே மாற்றிவிடுவதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே கண்டுபிடிக்கும்போது, குணநலன் பற்றித் தனிப்பாடம் எடுக்க வேண்டியதில்லை.

7-க்கும் 8-க்கும் நடுவில் சிலர் 'ஆனால்' என்பார்கள், சிலர் 'அதனால்' என்பார்கள். முதலையின் பக்கம் நின்றால் 'ஆனால்', குரங்கின் பக்கம் நின்றால் 'அதனால்'. காரணம் சொல்ல முடிந்தால் எதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். விடைக்குறிப்பில் ஒன்றை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு மற்றதைத் தவறு என்று அடித்துவிட்டால் இந்தப் பயிற்சியின் உயிரே போய்விடும்.

அடுத்தது கையால் மறைக்கும் சோதனை. ஒரு சீட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மீதிக் கதையைச் சொல்லிப் பாருங்கள். கதை நிற்கிறதா? நின்றால் அந்தச் சீட்டு அலங்காரம், விழுந்தால் அது தூண். இரண்டாவது சீட்டை மூடினால், தான் பார்த்தே இராத குரங்கைப் பற்றி மனைவிக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி எழும். சின்னதாகத் தெரிந்த சீட்டு தூணாக நிற்பதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். சுருக்கி எழுதும் கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி தெரியவில்லை: தூண்களை மட்டும் எழுதினால் அதுவே சுருக்கம்.

விரிவானம் போல நான்கைந்து பக்கக் கதை என்றால், இடமோ நேரமோ மாறும் இடங்களில் முதலில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். ஒரு துண்டுக்கு ஒரு சீட்டு. பத்துக்கு மேல் போனால் அடுத்தடுத்த இரண்டை ஒன்றாக்கச் சொல்லுங்கள். பழைய நினைவுக்குப் போய்த் திரும்பும் கதைகளில் சீட்டின் வலது மூலையில் கதை சொல்லப்பட்ட வரிசையைப் பேனாவாலும், இடது மூலையில் உண்மையில் நடந்த வரிசையைப் பென்சிலாலும் எண்ணிட்டால் போதும்.

மூன்றாவது வரைபடம்: நெல்

உயர்வகுப்புகளுக்குப் பரவலாகப் பயன்படுவது மலை வடிவம். ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ரைடாக் 1863-இல் நாடகக் கலையைப் பற்றி எழுதிய நூலிலிருந்து வந்தது அது. தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு என்று ஐந்து பகுதி. அவர் பேசியது கிரேக்க நாடகங்களையும் ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் வைத்து. நாம் அதைச் சிறுகதைக்கும் பொருத்தும்போது ஒரு சங்கடம் வருகிறது. மலை என்றதும் பிள்ளைகள் உச்சியை மட்டும் தேடுகிறார்கள். எங்கே சண்டை பெரிதோ, எங்கே சத்தம் அதிகமோ அதை உச்சம் என்று எழுதிவிடுகிறார்கள். ஏறிய பாதைக்கும் உச்சிக்கும் என்ன உறவு என்று படம் கேட்பதில்லை.

தமிழில் இதற்கு வேறொரு படம் இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் நாடகத்தின் ஐந்து பகுதிகளை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று சொல்லி, ஒவ்வொன்றையும் பயிரோடு ஒப்பிடுகிறார். உழுத மண்ணில் இட்ட விதை முளைப்பது முகம். இலை விட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து சூல்கொண்டு நிற்பது கருப்பம். கதிர் திரண்டு முற்றித் தலைசாய்வது விளைவு. அறுத்து, போரடித்து, பொலிசெய்து, கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல்.

வகுப்பறையில் மலையைவிட இது நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் தெளிவானது. விதைத்தது எதுவோ அதுதான் விளையும். விளைவைக் கண்டுபிடித்த பிள்ளை, அதன் விதை எங்கே விழுந்தது என்று பின்னால் போய்த் தேடியே தீர வேண்டும். உச்சம் என்பது சத்தம் மிகுந்த இடம் என்ற எண்ணம் அந்தத் தேடலில் தானாகவே உதிர்ந்துவிடும்.

தாளைப் படுக்கை வாக்கில் வைத்து ஐந்து பத்தியாகப் பிரியுங்கள். கீழ்ப்பகுதியில் விதை, நாற்று, சூல்கொண்ட பயிர், சாய்ந்த கதிர், சோறு என்று சிறு படங்கள், மேலே எழுதும் இடம். விளைவுப் பத்தியை முதலில் நிரப்பச் சொல்லுங்கள், அடுத்து முகம், பிறகு நடுவிலிருப்பவை, கடைசியாகத் துய்த்தல். இடமிருந்து வலமாக நிரப்பவிட்டால் மறுபடியும் 'அப்புறம்' வந்துவிடும்.

சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம், கதை எல்லோருக்கும் தெரியும். விளைவு: கண்ணகி பாண்டியன் அவையில் வழக்குரைத்துச் சிலம்பை உடைக்கிறாள், உள்ளே மாணிக்கம், அரசன் உயிர்விடுகிறான், மதுரை எரிகிறது. இதன் விதை? கண்ணகியின் சினம் என்று சிலர் எழுதுவார்கள். சினம் அங்கே முளைத்தது, விதைக்கப்பட்டது எங்கே என்று கேளுங்கள். கோவலன் மாதவியிடம் போய்ச் செல்வத்தைக் கரைத்தது முகம். கானல்வரியில் பிணங்கித் திரும்பியவனிடம் கண்ணகி சிலம்பை எடுத்துக்கொள்ளச் சொல்வதும், இருவரும் புகாரை விட்டுப் புறப்படுவதும் பிரதிமுகம். மதுரையில் பொற்கொல்லன் கையில் சிலம்பு சிக்கியதும் கோவலன் கொலையுண்டதும் கருப்பம். வஞ்சிக் காண்டத்தில் சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுப்பது துய்த்தல். இது ஒரு பகுப்பு. சிலம்பைக் கொடுத்ததையே விதை என்று வாதாடும் மாணவருக்கும் பக்கபலம் உண்டு, காப்பியத்தின் பெயரே அவர் பக்கம் நிற்கிறது. வாதாடட்டும். மதிப்பெண்ணை எந்தக் கட்டத்தில் எழுதினார் என்பதற்குப் போடாமல், ஏன் அங்கே எழுதினார் என்று சொல்வதற்குப் போடுங்கள்.

படிப்பதிலிருந்து எழுதுவதற்கு

தேர்வில் 'குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக' என்று வரும். விறகுவெட்டி, ஆறு, கோடரி விழுதல், தேவதை, தங்கக் கோடரி, வெள்ளிக் கோடரி, உண்மை, பரிசு என்று கோடு போட்டுக் குறிப்புகள் இருக்கும். பிள்ளைகள் ஒவ்வொரு குறிப்பையும் ஒரு வாக்கியமாக்கிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். எழுதத் தொடங்கும் முன் வினாத்தாளிலேயே குறிப்புகளுக்கு நடுவில் பென்சிலால் 'ஆ' அல்லது 'அ' என்று போடப் பழக்குங்கள், ஆனாலுக்கும் அதனாலுக்கும். இரண்டு நிமிட வேலை. கோடரி விழுந்த இடத்தில் 'ஆ' விழும். தங்கக் கோடரியைத் தேவதை நீட்டும் இடத்திலும் 'ஆ' விழும்: வேண்டும் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது அவனுடையது அல்ல. எங்கெல்லாம் 'ஆ' இருக்கிறதோ அங்கே மூன்று வாக்கியமாவது எழுத வேண்டும் என்று சொல்லுங்கள்: கண்ட காட்சி ஒன்று, சொன்ன பேச்சு ஒன்று, மனத்தில் நினைத்தது ஒன்று. 'அ' வரும் இடங்களில் ஒரு வாக்கியம் போதும். இதைச் செய்தாலே எட்டு வரிக் கதை 120 சொற்களைத் தாண்டும், அதுவும் தேவையான இடத்தில் மட்டும் நீளும்.

சொந்தக் கதை எழுதும்போது ஐந்து வரிக் கட்டத்தையே முன்திட்டமாக வைத்துக்கொள்ளலாம். 'என்ன வேண்டும்' கட்டத்தில் 'சந்தோஷம்', 'வெற்றி' என்று எழுதினால் ஏற்காதீர்கள். கையால் தொடக்கூடிய, கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: சைக்கிள், மழைக்கு முன் வீடு போய்ச் சேர்வது, தொலைந்த ஆட்டுக்குட்டி. பெயரில்லாத ஆசைக்குத் தடை எழுத முடியாமல் பிள்ளை அடுத்த கட்டத்திலேயே நின்றுவிடும்.

நடைவண்டியை விலக்குவது

நடைவண்டி பிடித்து நடக்கும் குழந்தையை வாழ்நாள் முழுக்க அதோடு விடமாட்டோம். வரைபடமும் அப்படித்தான். முதல் இரண்டு வாரம் கேள்விச் சொற்களோடு கூடிய முழுக் கட்டம். மூன்றாம் வாரம் கட்டங்கள் மட்டும், கேள்விச் சொற்களைப் பிள்ளையே எழுத வேண்டும். நான்காம் வாரம் ஐந்து கோடுகள் மட்டும். ஐந்தாம் வாரம் வெறும் தாள். வெறும் தாளில் கட்டம் போடாமல், ஓரத்தில் 'ஆனால்' என்று ஒரு சொல்லை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு கதையைச் சொல்லத் தொடங்குகிற பிள்ளைக்கு இனி வரைபடம் தேவையில்லை. அதற்கு முன்பே விலக்கிவிட்டால் 'அப்புறம்' திரும்பி வரும். வந்தால் ஒரு வாரம் பின்னால் போங்கள்.

மதிப்பிடும்போது நிரப்பிய தாளைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் கதையை வாயால் சொல்லச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டே உங்கள் நோட்டில் மூன்று பத்தி போட்டு 'அப்புறம்', 'ஆனால்', 'அதனால்' ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்தது என்று கோடு போடுங்கள். 'அதுக்குள்ள', 'இருந்தாலும்', 'அதுக்காக', 'அதான்' போன்றவற்றையும் பொருள் பார்த்து அந்தந்தப் பத்தியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை வட்டாரப் பேச்சில் சொன்னால் அப்படியே சொல்லட்டும், திருத்தாதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்றால் 40 பேரை எட்டு நாளில் கேட்டுவிடலாம். மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்து தேதியோடு குறித்து வைத்தால், எந்தப் பிள்ளைக்கு இன்னும் தரைக் கட்டம் வேண்டும், யாருக்கு அம்புச் சீட்டைக் கொடுக்கலாம் என்று அந்தக் கோடுகளே காட்டும்.